23 பித்தளை எழுத்துகளும் ஒரு நாலணாவும்

முதல் நாள், திங்கள்: நாகர்கோவில், தக்கலை, குளச்சல்

ஐந்து நாள் லீவு. வீட்டில் சொன்ன காரணம், "திருவனந்தபுரம் பக்கம் ஒரு சுற்று." உண்மையான காரணம் வீட்டுக்கும் தெரியும். "பித்தளை பொறுக்கப் போறீங்க, சரி. இந்தத் தடவை எண்ணூறு ரூபாய்க்கு மேல போனா நான் கேப்பேன்" என்று சொல்லித்தான் பையைக் கட்டிக் கொடுத்தாள்.

நான் பழைய வில்லை சேர்க்கிறவன். பேட்ஜ் என்றால்தான் இப்போது புரியும். ஆனால் என் தாத்தா காலத்தில் கச்சேரி வாசலில், மார்புக்குக் குறுக்கே பட்டை போட்டு அதில் பித்தளைத் தகடு மாட்டி நிற்கிற ஆளுக்கு வில்லைச் சேவகன் என்றுதான் பெயர். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கும். பட்டாளத்து வில்லையும் என்னிடம் உண்டு. ஆனால் என் பைத்தியம் பள்ளிக்கூடத்து மாணவர் படை வில்லைகள்தான்.

மெடல் சேர்க்கிறவர்கள் எங்களைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். பழைய மெடலில் பெரும்பாலும் ஓரத்தில் நம்பர், பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். அது ஆளுக்குச் சொந்தம், செத்த பிறகும் குடும்பத்தில் இருக்கும். பள்ளிக்கூட வில்லை அப்படி இல்லை. அது சர்க்கார் சாமான். வருஷக் கடைசியில் பெல்ட், தொப்பி, பூட்ஸோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பழசானால் மொத்தமாக எடைக்குப் போகும், உருகும், யார் வீட்டிலோ விளக்காகும். ஆகவே இன்று கையில் கிடைக்கிற ஒவ்வொன்றும் யாரோ ஒருத்தன் திருப்பிக் கொடுக்காமல் விட்டது. தொலைத்ததாகச் சொல்லி அபராதம் கட்டியிருப்பான், அல்லது அப்படியே பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்திருப்பான்.

நான் ஒன்பதாம் வகுப்பில் என்.சி.சி. பரேடு முடிந்து தருகிற பூரிக்கிழங்குக்காகச் சேர்ந்தவன், மறைக்கவில்லை. கடைசி நாளன்று வில்லையை எண்ணி வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டுப் பையன் தொலைந்துவிட்டதாகச் சொல்லி இரண்டு ரூபாய் கட்டினான். அவன் வீட்டு அலமாரியில் அது மினுங்கிக்கொண்டு இருப்பதைப் பல வருஷம் பார்த்திருக்கிறேன். அந்த எரிச்சலில் தொடங்கியதுதான் இந்தச் சேகரிப்பு.

இன்று காலையில் பத்மநாபபுரம் அரண்மனையில் இறங்கினால் கதவு பூட்டு. திங்கட்கிழமை விடுமுறை. பத்துத் தடவை போன இடம், இது தெரியாதா என்று யாரும் கேட்க வேண்டாம். மறந்துவிட்டேன். தமிழ்நாட்டு மண்ணில் இருந்துகொண்டு கேரள அரசின் பராமரிப்பில் இருக்கிற அரண்மனை அது. எங்கள் மாவட்டமே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்க்காரர்களுடையது என்பதை மறந்துபோனவர்களுக்கு அந்த வாசலில் உள்ள பலகையே போதும்.

அங்கிருந்து புலியூர்க்குறிச்சி, உதயகிரிக் கோட்டை. மரத்தடியில் கூரையில்லாத சின்னத் தேவாலயம். உள்ளே டிலனாயின் கல்லறை. 1741ல் குளச்சல் சண்டையில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சுக் கம்பெனி ஆள், பிறகு அதே ராஜாவுக்குப் படை பயிற்றுவித்து, வலிய கப்பித்தான், அதாவது பெரிய தளபதி ஆகி, 1777ல் இங்கேயே அடங்கினார். கல்லில் லத்தீனும் தமிழும் இருக்கின்றன. நான் இங்கே வருவதற்குக் காரணம் உண்டு. சீருடை, அணி, கவாத்து என்று நம் பக்கத்தில் ஐரோப்பிய முறையில் ஒரு படை நின்றது இந்த மனிதரின் கையால்தான். பின்னாளில் அந்தப் படை நாயர் பிரிகேடு ஆகி, 1935ல் திருவிதாங்கூர் ஸ்டேட் ஃபோர்ஸ் ஆகி, சுதந்திரத்துக்குப் பிறகு மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 9வது பட்டாலியன் ஆனது. அந்த மாற்றத்தில் சங்கு போட்ட வில்லையைக் கழற்றிவிட்டு யானை போட்ட வில்லையைக் குத்திக்கொண்டார்கள். கழற்றிய சங்குகள் எங்கே போயின என்பதுதான் என் பல வருஷக் கேள்வி. எனக்கு ஒன்று வேண்டும். ஒன்றே ஒன்று.

மாலையில் குளச்சல் போய் வெற்றித் தூணைப் பார்த்துவிட்டு, மீன் வாங்காமல் திரும்பினேன். வீட்டில் அதற்கும் திட்டு.

இரண்டாம் நாள், செவ்வாய்: மார்த்தாண்டம், படந்தாலுமூடு

இன்றைக்கு நிறைய எழுத வேண்டியிருக்கிறது. கை இன்னும் படபடக்கிறது.

மார்த்தாண்டத்தில் எனக்குப் பழக்கமான ஆக்கர் கடை, அதாவது பழைய சாமான் எடைக்கு வாங்குகிற கடை, ஒன்று உண்டு. எல்லை தாண்டினால் அதையே ஆக்ரிக்கட என்பார்கள். கடைக்காரர் பித்தளையைத் தனியாகக் குவித்து வைப்பார், உருக்கப் போகும் முன்பு எனக்கு அரை மணி நேரம் கிண்டிப் பார்க்க அனுமதி. இன்று கிடைத்தவை: ஒரு போலீஸ் பெல்ட் கொக்கி, கழுத்து ஒடிந்த கிண்டி, ஒரு என்.சி.சி. தொப்பி வில்லை. "அண்ணே, இது 52ல உள்ளது, பாத்துக்கிடுங்க" என்றார். வில்லையிலேயே ஒற்றுமையும் ஒழுக்கமும் என்ற வாசகம் ஆங்கிலத்தில் இருக்கிறது. அந்த வாசகம் என்.சி.சி.க்கு முடிவானது 1980ல். 1948ல் சட்டம் போட்டுத் தொடங்கிய படைக்கு முப்பது வருஷத்துக்கு மேல் அதிகாரபூர்வ வாசகமே இல்லை. சொன்னதும் அவர் சிரித்தார். "அப்போ கிலோ கணக்குலேயே எடுத்துக்கிடுங்க."

எடுக்கவில்லை. ஆனால் அவர் சொன்ன வேறொரு விஷயத்துக்காக அவருக்கு ஒரு சாயா வாங்கிக் கொடுத்தேன். படந்தாலுமூடு பக்கம் ஒரு வீட்டில் தகரப் பெட்டி விலைக்குப் போட்டார்களாம். பெட்டியைக் கொடுத்த கிழவி உள்ளே இருந்த துணிப்பொதியை மட்டும் பிடுங்கி வைத்துக்கொண்டாராம். "உள்ள கிலுகிலுன்னு சத்தம் கேட்டுது, பித்தளைதான்" என்றார். சத்தத்தை வைத்துப் பித்தளை என்று சொல்கிற காது அவருக்கு.

வீடு ரப்பர் மரங்களுக்கு நடுவே, ஓட்டு வீடு. கேரளா அங்கிருந்து கூப்பிடு தூரம். அம்மாவுக்கு 86 வயது. காது நன்றாகக் கேட்கிறது, கண்தான் மங்கல். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். முதலில் உட்கார வைத்து, மரச்சீனியும் மீன்கறியும் போட்டுவிட்டுத்தான் பேச்சு. கணவரை அவர் "சாரு" என்றுதான் சொல்கிறார். சாரு டிராயிங் மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் ஏ.சி.சி.யும் அவர் பொறுப்பு.

ஏ.சி.சி. என்றால் இன்று யாருக்கும் தெரியாது. துணை மாணவர் படை. என்.சி.சி.யில் எல்லாப் பையன்களுக்கும் இடம் கிடைக்காது, துப்பாக்கிக்கும் உடுப்புக்கும் காசு கிடையாது. அதனால் 1950களின் தொடக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று இதைத் தொடங்கினார்கள். கவாத்து, சமூக சேவை, ஒழுக்கம், அவ்வளவுதான். 1960களின் நடுவில் அது இல்லாமலே போய்விட்டது. பத்துப் பன்னிரண்டு வருஷமே இருந்த படை என்பதால் அதன் வில்லை கிடைப்பது அரிது. என்னிடம் இதுவரை ஒன்றுகூட இல்லை.

அம்மா பொதியை அவிழ்த்தார். வெளுத்த காக்கித் துணி. உள்ளே தோள்பட்டையில் குத்துகிற பித்தளை எழுத்துகள், ஏ.சி.சி. என்று மூன்றும் சேர்ந்து ஒரே துண்டாக. பெருங்காய டப்பா நிறத்தில் கறுத்துப்போய், சிலவற்றில் பச்சைக் களிம்பு. நான் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் பின்னால் செம்புக் கம்பி வளையம், சிலவற்றில் பிளவு ஊசியும் அப்படியே. 23 எண்ணிக்கை. கூடவே, அதே துணியில் ஒரு ஓரத்தில் முடிந்து, ஒரு நாலணா. அசோகச் சிங்கமும் கோதுமைக் கதிரும் போட்ட நிக்கல் கால் ரூபாய்.

"எவ்வளவு கொடுக்கணும் அம்மா?" என்று கேட்டேன். குரல் நடுங்கியதை அவர் கவனித்திருப்பார்.

"இது விக்கதுக்கு இல்ல மக்களே. சர்க்கார் சாதனம்."

உள்ளே போய் ஒரு நீள நோட்டை எடுத்து வந்தார். சாருடைய லெட்ஜர். பத்தி பத்தியாக மை கோடு. தலைப்புகள் ஆங்கிலத்தில், பையன்கள் பெயர் தமிழில், குறிப்புகள் மலையாளத்தில். எங்கள் ஊர்க்காரர்களின் மூளை அப்படித்தான் வேலை செய்யும். கடைசிப் பக்கத்தில் 12 பையன்கள், ஆளுக்கு இரண்டு, மொத்தம் 24. பதினொரு பேர் இரண்டையும் திருப்பியிருக்கிறார்கள். ஒருத்தன் ஒன்றைத் தொலைத்துவிட்டு நாலணா அபராதம் கட்டியிருக்கிறான். 23 எழுத்தும் ஒரு நாலணாவும், கணக்கு சரி.

அதை ஏன் சாரு ஒப்படைக்கவில்லை? ஒப்படைக்கப் போனார். அதற்குள் 1956 நவம்பர் வந்துவிட்டது. விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நாலு தாலுகாவும் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. சாமான் கொடுத்த ஆபீஸ் எல்லைக்கு அந்தப் பக்கம். "நீங்க இப்போ எங்க ஆளு இல்ல" என்று அங்கே சொன்னார்களாம். புது ஆபீஸில், "இது எங்க கணக்குல வரல்ல, நாங்க எப்படி வாங்கது?" லெட்ஜரின் குறிப்புப் பத்தியில் இரண்டு கடிதம் போட்ட தேதியும் இருக்கிறது, பதில் வந்த தேதிக்கான இடம் காலி. சாரு ஓய்வு பெறுகிற வரைக்கும் பெட்டியில் வைத்திருந்தார், பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்தார். கண்ணை மூடுவதற்கு முந்தைய வாரம்கூட, "அந்தப் பொதிய ஒப்படைக்கணும்" என்று சொன்னாராம்.

"நீரு இதெல்லாம் அறிஞ்ச ஆளு. கொண்டு போயி உள்ள எடத்துல குடுத்துரும்."

நான் என்ன சொல்வது? அந்தப் படையே இல்லை, வாங்குகிற ஆபீஸும் இல்லை என்று சொன்னேன். "சர்க்கார் உண்டுல்லா?" என்றார். அதற்குப் பதில் இல்லை என்னிடம்.

கடைசியில் நடந்தது இது. நோட்டின் கடைசி வரியில், பெற்றுக்கொண்டவர் என்ற பத்தியில், 23 எண்ணமும் 4 அணாவும் வாங்கிக்கொண்டதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தேதி போடச் சொன்னார், போட்டேன். மடியில் வைத்து எழுதியதால் கையெழுத்து கோணிவிட்டது. பொதி என் கைக்கு வந்தது. நோட்டு வரவில்லை. அதை மொபைலில் படம் எடுக்கலாமா என்று கேட்டதற்கு நோட்டை மூடிவிட்டார். "அதுல பிள்ளையளுக்க பேரு கிடக்கு. அபராதம் கெட்டினவன் இப்போ பேரப்பிள்ளை எடுத்திருப்பான். நாலு பேரு அறிஞ்சா மானக்கேடுல்லா."

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. வில்லையில் பெயர் இல்லை. பெயர் எல்லாம் நோட்டில். எந்தப் பள்ளி, எந்த வருஷம், யார் தோளில் என்கிற சரித்திரம் முழுக்க அந்த அம்மாவிடமே இருந்துவிட்டது. என்னிடம் இருப்பது பித்தளை. கூடவே என் பெயரும் இப்போது அந்த நோட்டில் ஏறிவிட்டது.

மூன்றாம் நாள், புதன்: களியக்காவிளை, திருவனந்தபுரம்

களியக்காவிளையில் பஸ் மாறி, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாக வந்தேன். ஜன்னலுக்கு வெளியே எழுத்து மாறியதே தவிர ஏத்தங்காய் சிப்ஸ் மணம் மாறவில்லை.

சாலை பஜாரில் பழைய சாமான் வியாபாரி ஒருவர் என்னைக் கண்டதும் துணி விரித்தார். மேலே கிரீடம் போட்ட ஒரு தொப்பி வில்லை. "நாற்பதுகளில் இந்தியப் படையில் உள்ளது" என்றார் மலையாளத்தில். கிரீடத்தைப் பார்த்தேன். வளைவுகள் நடுவில் குழிந்து இறங்குகின்றன. அது எலிசபெத் ராணி பட்டத்துக்கு வந்த பிறகு போடத் தொடங்கிய கிரீடம், 1952க்கு அப்புறம். அதற்கு முன் இருந்த ராஜாக்களின் கிரீடம் வளைவு மேலே எழும்பி உருண்டையாக இருக்கும். நாமோ 1950 ஜனவரி 26 அன்றே கிரீடத்தை எடுத்துவிட்டு அசோகச் சிங்கத்தை வைத்துக்கொண்டோம். ஆகவே ராணி கிரீடம் போட்ட இந்தியப் படை வில்லை என்று ஒன்று இருக்கவே முடியாது. ஏதோ இங்கிலாந்து வில்லை, அல்லது நேற்று வார்த்தது.

திருப்பிப் பார்த்தேன், நேற்று வார்த்ததுதான். அச்சில் அடித்த வில்லைக்குப் பின்பக்கம் முன்பக்கத்தின் குழிவான பிரதி தெரியும், முகமூடியை உள்ளிருந்து பார்ப்பது மாதிரி. மணலில் வார்த்ததற்குப் பின்பக்கம் தட்டையாக, ஊசி குத்தியது போல் பொடிப்பொடிக் குழிகளோடு இருக்கும். புதிதாகச் சேர்க்க வருகிற தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான்: முன்பக்கம் பார்த்து ஆசைப்படுங்கள், பின்பக்கம் பார்த்துக் காசு கொடுங்கள். அப்புறம் தயவுசெய்து பிராஸோ பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். சீருடையில் இருந்தபோது அந்தப் பையன் தேய்த்தது போதும்.

பிறகு பாங்கோடு ராணுவ முகாம் வழியாக ஆட்டோவில் ஒரு சுற்று. உள்ளே போக முடியாது, போகவும் வேண்டியதில்லை. அங்கே உள்ள மைதானத்தின் பெயர் குளச்சல் ஸ்டேடியம். முந்தாநாள் மீன் வாங்காமல் வந்த எங்கள் குளச்சல்தான். ஆட்டோக்காரரிடம் இதைச் சொன்னேன். அவருக்கு மீட்டர் மேல்தான் கண்.

சீருடைச் சாமான் விற்கிற கடை ஒன்றில் ஸ்டூடன்ட் போலீஸ் கேடட் வில்லை கேட்டேன். கேரளத்தில் 2010 ஆகஸ்டில் 127 பள்ளிகளில் தொடங்கிய திட்டம் அது, இப்போது எல்லைப்புறப் பள்ளிகளில் தமிழ்ப் பிள்ளைகள்கூடக் காக்கி போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். இன்னும் ஐம்பது வருஷத்தில் இதைத் தேடி எவனாவது அலைவான், அவனுக்கு முன்னால் நான் ஒன்று எடுத்துவைக்கலாம் என்று நினைப்பு. "ஸ்கூல் லெட்டர் உண்டோ?" என்றார் கடைக்காரப் பெண். இல்லை. "எங்கில் இல்லா." நியாயம்தான். இப்போது புழங்குகிற போலீஸ், பட்டாள வில்லையைக் கண்ட ஆளுக்கெல்லாம் விற்கக் கூடாது. எனக்கு வருத்தமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தது.

மதியம் ஒரு காரியம் செய்தேன். வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள். பொதியை எடுத்துக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போனேன், எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. வரவேற்பில் இருந்த தம்பியிடம், "ஏ.சி.சி. சாமான் கொஞ்சம் ஒப்படைக்க வேண்டும்" என்றேன்.

"ஏ.சி.சி.யா? சிமென்ட் அல்லே?"

விளக்கினேன். அவர் உள்ளே போய் இன்னொருவரைக் கேட்டு, அவர் இன்னொருவரைக் கேட்டு, மூன்று பேரும் வந்து பொதியைப் பார்த்தார்கள். ரொம்ப மரியாதையாகவே பேசினார்கள். வாங்கினால் எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்று மூத்தவர் கேட்டார். ஏறக்குறைய 70 வருஷத்துக்கு முன் சாருக்குக் கிடைத்த அதே கேள்வி. சாயா குடித்துவிட்டு வந்தேன்.

நான்காம் நாள், வியாழன்: கொல்லம், புனலூர்

கொல்லத்தில் ரயில் மாறிப் புனலூர். கல்லடையாற்றின் மேல் 1877ல் கட்டிய தொங்கு பாலத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். வேறொன்றும் செய்ய நேரமில்லை, ஏனென்றால் இங்கே இருக்கிற ஒருவரைப் பார்க்கத்தான் இந்தப் பயணத்தையே இவ்வளவு நீட்டியது.

செங்கோட்டைக்காரர். இங்கே வியாபாரத்துக்கு வந்து நாற்பது வருஷம். பெயர் போடவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். அவர் சுவரில் ஒரு பலகை மாட்டியிருக்கிறார், பச்சை வெல்வெட் ஒட்டியது. மாணவர் படைகளின் தோள் எழுத்துகளை வரிசையாகக் குத்தி வைத்திருக்கிறார். முதலில் யு.டி.சி., அதாவது யூனிவர்சிட்டி ட்ரெயினிங் கோர், 1920ல் டெரிட்டோரியல் ஃபோர்ஸ் சட்டம் வந்த பிறகு காலேஜ் பையன்களுக்கு உண்டானது. அதற்கு அடுத்து யு.ஓ.டி.சி., உலக யுத்தத்தின் நடுவில் 1942ல் அதிகாரிகள் தேவைப்பட்டபோது ஆபீசர்ஸ் என்பதற்காகப் பெயரில் ஒரு எழுத்து கூடியது. அடுத்து என்.சி.சி. அதற்கு அடுத்து என்.சி.சி.ஆர்., 1960ல் வந்த ரைஃபிள்ஸ் பிரிவு, நாலைந்து வருஷத்தில் பொது என்.சி.சி.யோடு கலந்துவிட்டது. சீன யுத்தத்துக்குப் பிறகு 1963ல் கல்லூரிகளில் என்.சி.சி. கட்டாயமாக்கப்பட்ட காலத்துப் பித்தளை ஊருக்கு ஊர் கிடைக்கும், அதற்கு விலை கிடையாது. ரைஃபிள்ஸ் அப்படியில்லை.

பலகையில் என்.சி.சி.க்கும் ரைஃபிள்ஸுக்கும் நடுவே வெல்வெட் காலியாக இருந்தது. நான் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"ஏ.சி.சி. கெடைக்கலியே தம்பி. எங்கப்பா அதுலதான் இருந்தாரு. போட்டா மட்டும் இருக்கு."

வாயைத் திறக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் திறந்தேன். பொதியை மேஜையில் வைத்து அவிழ்த்தேன். அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு எழுந்து உள்ளே போய் ஒரு புகையிலை டப்பாவோடு வந்தார். பஞ்சுக்குள்ளிருந்து எடுத்து என் முன்னால் வைத்தார்.

சங்கு. திருவிதாங்கூர் படை.

கையில் எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது, ஆனாலும் முறைப்படி பார்த்தேன். பின்பக்கம் குழிவான பிரதி சுத்தமாக இருக்கிறது. செருகு பட்டை பற்றவைத்த இடத்தில் பழைய ஈயம். சங்கின் மேடான சுழிகள் மட்டும் தேய்ந்து வழுவழுப்பாக இருக்கின்றன, யாரோ ஒரு சிப்பாய் பல வருஷம் காலையில் எழுந்து தேய்த்திருக்கிறான். குழிகளுக்குள் அழுக்கு அப்படியே. இப்படி ஒரு தேய்மானத்தை எந்தப் போலிக்காரனாலும் செய்ய முடியாது, அவனுக்குப் பொறுமை இருக்காது.

"ரெண்டு எழுத்து குடு. இதை எடுத்துக்கோ" என்றார்.

இரண்டு. இடது தோளுக்கு ஒன்று, வலது தோளுக்கு ஒன்று. இருக்கிற 23ல் இரண்டு போனால் 21. கணக்குப் பார்த்தேன். தொலைந்த ஒன்றுக்கு நாலணா வைத்துத்தானே சாரு கணக்கை நேர் செய்திருக்கிறார். நானும் இரண்டை எடுத்துவிட்டு அரை ரூபாய் வைத்தால் லெட்ஜர்படி எல்லாம் சரியாக இருக்குமே. அரை ரூபாய்க்குச் சங்கு! பாக்கெட்டில் கைவிட்டுச் சில்லறைகூடத் தேடினேன். வெட்கமாக இருந்தாலும் எழுதிவிடுகிறேன். ஒரு ரூபாய் நாணயம்தான் இருந்தது.

அப்போது அந்தக் கோணல் கையெழுத்து கண் முன்னால் வந்தது. மலையாளக் குறிப்புகளுக்கும் தமிழ்ப் பெயர்களுக்கும் கீழே, அபராதம் கட்டின பையனுக்கு நேர் கீழே.

என்னிடம் உள்ள என்.சி.சி.ஆர். ஜோடியைத் தருகிறேன் என்றேன். அவரிடம்தான் இருக்கிறதே. ரூபாய் தருகிறேன் என்றேன், வீட்டில் விதித்த எண்ணூறைத் தாண்டி, பல மடங்கு தாண்டி. அவர் தலையை ஆட்டினார். அவருக்கு ரூபாய் தேவையில்லை. கதை முழுவதையும் சொன்னேன், நோட்டு, நாலணா, சிமென்ட் வரைக்கும். சிமென்டுக்குச் சிரித்தார். பிறகு பொதியிலிருந்து ஒரு ஜோடியை எடுத்துப் பலகையின் காலி இடத்தில் கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்தார். உள்ளேயிருந்து அப்பாவின் போட்டோவைக் கொண்டுவரச் செய்து, அதன் தோளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். திருப்பி வைத்தார்.

"எண்ணிக்கிடு" என்றார்.

எண்ணினேன். சங்கு பஞ்சுக்குள் போயிற்று.

ஐந்தாம் நாள், வெள்ளி: ஆரியங்காவு, செங்கோட்டை, வீடு

இந்த ரயில் பாதை 1904ல் மீட்டர் கேஜாக வந்தது, 2018 முதல் அகலப் பாதை. கழுதுருட்டிப் பக்கம் பதிமூன்று கண் பாலம் கடக்கும்போது பெட்டியில் உள்ள எல்லாரும் ஒரு பக்கமாக வந்து நின்று மொபைல் நீட்டினார்கள். நான் பையை மடியிலிருந்து இறக்கவில்லை. ஆரியங்காவு கடந்து சுரங்கம் தாண்டி இறங்கினால் காற்றே வேறு, வெயில் வேறு. செங்கோட்டையும் 1956ல் எங்களோடு சேர்ந்து இந்தப் பக்கம் வந்த ஊர்தான். இங்கேயும் எத்தனை சாருமார் எத்தனை பொதிகளோடு நின்றார்களோ. ஸ்டேஷனுக்கு வெளியே டீ குடிக்கும்போது ஒரு ஆக்கர் கடைக் குவியல் கண்ணில் பட்டது. போகவில்லை. நம்பமாட்டீர்கள், நானே நம்பவில்லை.

தென்காசி, திருநெல்வேலி வழியாக வீடு வந்து சேர ராத்திரி ஒன்பது. செலவுக் கணக்கு கேட்டாள். பஸ், ரயில், சாப்பாடு, ஆட்டோ, ஆக்கர் கடைக்காரருக்கு ஒரு சாயா. வாங்கியது? ஒன்றுமில்லை. சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் பையைத் திறந்தாள்.

படந்தாலுமூடு அம்மாவின் பக்கத்து வீட்டு நம்பர் வாங்கி வந்திருந்தேன். வந்து சேர்ந்துவிட்டேன் என்று சொல்லக் கூப்பிட்டேன். போனை அம்மாவிடம் கொடுக்கக் கொஞ்ச நேரமானது.

"எண்ணிப் பாத்தியா மக்களே?"

"பாத்தேன் அம்மா. 23 இருக்கு."

"நாலணா?"

"அதுவும் இருக்கு."

"அப்போ எப்ப ஒப்படைப்ப?"